வலப்பக்கம் திரும்பாதவன்

ஸ்ரீ கெம்பாங்கான் பேருந்துக்காகக் குதிரைப் பயிற்சிப் பள்ளி வேலியோரம் நிற்கிறேன். உள்ளே ஒரு தமிழ்ப் பெண், பழுப்புக் குதிரையை நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்துகிறார். இடப்பக்கம் அழகாகப் போகிறது. வலப்பக்கம் திருப்பினால் நின்றுவிடுகிறது.

“ஏங்க நிக்குது?”

“ரேஸ்ல ஓடுனவன் லா, அண்ணே. அஞ்சு வருஷமா லெஃப்ட் மட்டும்தான். ரைட் திரும்பாதவன எப்படி தடை தாண்டுற ஜம்பிங்குக்கு விடுறது? இந்த மாசம் கத்துக்கலன்னா வித்துருவாங்க.”

கையிலிருந்த சவுக்கைக் கீழே போட்டுவிட்டு, குதிரையின் தலையோரமாக அவரும் வலப்பக்கம் நடக்கிறார். ஓரடி வைத்து நிற்கிறான். அவரும் நிற்கிறார், இழுக்கவில்லை. என் பேருந்து வந்து போகிறது.

பாதி வட்டம் வந்ததும், “இன்னிக்கு இது போதும்டா,” என்று கயிற்றை அவிழ்க்கிறார். லாயக் கதவு திறந்தே கிடக்கிறது. அவனோ வலப்பக்கமாகவே மீதி வட்டத்தைத் தனியாக நடக்கிறான்.