ஜூன் ஒன்றாம் தேதிக்காரி

செண்பகனூரில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். அடிவாரக் காட்டு ஊர்க்காரி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு அறக்கட்டளையின் இலவச நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் செயலியை எழுதியவன் நான். பெருமை பீற்றிக்கொள்ள, என் போனிலேயே அவளுக்கு விண்ணப்பம் போட்டேன்.

வயது வரம்புப்படி, அவள் பிறந்த வருடத்து ஜூன் ஒன்றாம் தேதிக்கு முன்னால் பிறந்திருந்தால் இடம் கிடையாது. பிறந்த தேதியைக் கேட்டேன்.

"ஜூன் ஒண்ணுங்க சார்."

சிரித்துவிட்டேன். பெற்றோருக்குத் தேதி தெரியாவிட்டால் தலைமையாசிரியரே ஜூன் ஒன்று என்று எழுதிப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். "வாத்தியார் போட்ட தேதியா? ஊரே ஒரே நாள்ல பொறந்திருக்கு போல!" என்றேன். அவள் முகம் சுருங்கியது. நான் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, "கெடைக்கலைங்க" என்று கிளாஸ் கழுவப் போய்விட்டாள். மார்க் குறைவு போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. சேர்ந்தவர்களின் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதிக்கும் செயலியில் இருப்பதற்கும் ஒரு நாள் இடிக்கிறதாம். செயலிக்கு நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். தேதியைத் தேதியாக மட்டும் வைக்காமல், நள்ளிரவு மணியையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். தகவல் போய்ச் சேரும் சர்வரின் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே ஜூன் ஒன்று பிறக்கும்போது அங்கே மே முப்பத்தொன்று மாலை. எல்லோரையும் ஒரு நாள் மூத்தவர்களாக்கியிருந்தேன். வரம்பின் விளிம்பில் நின்ற இவளை மட்டும் செயலி தானாகவே நிராகரித்திருந்தது.

ஒரே வரியில் பிழையைத் திருத்தினேன். அதற்குள் வகுப்பு தொடங்கி, இடங்களும் நிரம்பிவிட்டன. அடுத்த வருடம் அவளுக்கு நிஜமாகவே வயது தாண்டிவிடும். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளைச் சுட்டது.

கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்மா அப்பவே எங்கிட்டக் கேக்கல?"

"பொறந்தது மே முப்பத்தொண்ணு, வயசு தாண்டிருச்சுன்னு என் போனுக்கு மெசேஜ் வந்துச்சுங்க சார். நீங்க வேற சிரிச்சீங்களா... வாத்தியார் சும்மா எழுதுனத மிஷினு கண்டுபிடிச்சிருச்சுன்னு பயந்துட்டேன். சர்டிபிகேட்டையும் புடுங்கிருவாகளோன்னு வாயத் தொறக்கல."

கையிலிருந்த கிளாஸைத் துடைத்து வைத்தாள்.

"அப்ப என் தேதி சரிதானுங்களா சார்?"

அவளைக் கிண்டல் செய்த அதே வாயால், சரிதான் என்றேன்.