குண்டனி நாட்டு டைனோசர் முட்டை

"தோட்டத்துல டைனோசர் முட்டை கிடைச்சிருக்குங்க"ன்னு எங்க மியூசியத்துக்குப் போன் வந்துச்சு. அதான் இன்னைக்கு கொல்லிமலை ஏறி, குண்டனி நாடுங்கிற ஊருக்குப் போனேன்.

மிளகுத் தோட்டத்துல அண்ணன், தம்பி ரெண்டு பேரும் நின்னாங்க. நடுவுல தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை.

பார்த்ததுமே தெரிஞ்சுது, வெறும் கல்லு. மனசு நோகக் கூடாதேன்னு பிரஷ் எடுத்து மெதுவா மண்ணைத் துடைச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு.

"என்ற வரப்புல கிடைச்சதுங்க மேடம்"னார் தம்பி.

"உன்ற வரப்பாடா அது?"ன்னு அண்ணன் மண்வெட்டிக் காம்பால அவர் முதுகுல ஓங்கிப் போட்டார்.

தம்பி கல்லைத் தூக்கி எறிஞ்சார். அது அண்ணன் நெத்தியைக் கிழிச்சுட்டுப் போய் பாறையில மோதி ரெண்டாப் பிளந்துச்சு. கண்ணுல ரத்தம் வழிய, அண்ணன் தம்பியோட கையைக் கடிச்சார். விலக்கப் போன எனக்கு முழங்கை பட்டு உதடு கிழிஞ்சுது.

இப்ப மூணு பேரும் ஆஸ்பத்திரி பெஞ்சுல. அண்ணன், தம்பி ரெண்டு பேர் மடியிலயும் ஆளுக்கொரு பாதிக் கல்லு.

"அது முட்டை இல்லீங்க, சும்மா கல்லு"ன்னு ஒருவழியா சொல்லிட்டேன்.

"ஏனுங்க, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

காலையில இருந்து முதல்முறையா ரெண்டு பேரும் ஒத்துப்போய், என்னை முறைச்சுக்கிட்டே ஒண்ணா எந்திரிக்கிறாங்க.

மலையிறங்கி சேந்தமங்கலத்துக்குப் போற அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.