நபோர் அர்கோத்தே போட்ட ஜோடிக் கையெழுத்து

நபோர் அர்கோத்தே மெக்சிகோவின் லியோன் நகரத்துக் கால்பந்து அணிக்காக ஒரு லீக் பட்டமும் இரண்டு கோப்பைகளும் வென்றான். ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டிய உயரத்தை வைத்துக்கொண்டு, பனைமரம் போன்ற தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எம்பித் தலையால் கோல் போட்டான். சீட்டியடித்து விரட்டிய தலைநகரக் கூட்டத்தையே கைதட்ட வைத்தான். செருப்புத் தைப்பவனுக்குப் பெண் இல்லை என்ற மருந்துக்கடைக்காரரின் மகள் ஒப்தூலியாவையும் வென்றான். ஆனால், முதலில் அவன் வென்றது ஒரு காகிதத்தை என்பாள் அவனுடைய அக்கா தாமியானா.

இருவருக்கும் ஒரே செருப்புப் பட்டறையில் வேலை. அவன் தோல் வெட்டுவான், அவள் மேல்தோல் தைப்பாள். அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அவன் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன்.

செருப்புக்காரர்கள் திங்கட்கிழமை வேலை செய்ய மாட்டார்கள். அதைப் புனிதத் திங்கள் என்று பண்டிகை போலக் கொண்டாடுவார்கள். அப்படியொரு திங்களன்று வறண்ட ஆற்றில் நபோர் பந்தாடுவதை, ஊரார் மரியாதையாக 'டான்' சேர்த்து அழைக்கும் அணிச் செயலாளர் டான் எவாரிஸ்தோ பார்த்தார். அடுத்த திங்கள் ஒப்பந்தத்துக்கு வரச் சொன்னார். முந்தைய ஆண்டு கைநாட்டு வைத்த ஒருவன், காகிதத்தில் இருந்தது தனக்குத் தெரியாது என்று சாதித்து வேறு அணிக்குப் போய்விட்டானாம். அதனால் இனிமேல் கையெழுத்துதான். தெரியாவிட்டால் அந்த இடம் நோட்டரியின் மகனுக்கு.

தாமியானா மெல்லிய ஆட்டுத்தோலில் கறுப்பு நூலால் தம்பியின் பெயரைத் தைத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பார்த்துப் பார்த்துக் கரியால் எழுதிப் பழகினான். முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று அவளையும் கிட்டே விடவில்லை.

திங்களன்று அக்காவோடு அணி அலுவலகத்துக்குப் போனவன் பேனாவை எடுத்து, தயங்காமல் எழுதினான். டான் எவாரிஸ்தோ காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னப்பா இது, கண்ணாடியில பாத்து எழுதினியா?"

பெஞ்சில் காத்திருந்த நோட்டரியின் மகன் சிரித்தான். தாமியானாவுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. தோல் வெட்டுபவர்கள் எப்போதும் உட்புறத்தில்தான் கோடு போடுவார்கள். இவனும் வழக்கம்போலத் தோலைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துத் தையலைப் பார்த்துப் பழகியிருக்கிறான். பெயர் வலமிடமாகப் போயிருந்தது.

டான் எவாரிஸ்தோ பெஞ்சுப் பக்கம் திரும்பினார். தாமியானா சட்டென்று குனிந்து தம்பியின் காதருகே சொன்னாள்: "அடுத்த காலுக்குத் திருப்பி வெட்டுவியே, அப்படிப் போடுடா."

நாள் முழுக்க இடதைத் திருப்பி வலதாக வெட்டுகிற கை அது.

"இருங்க, டான். அது இடது கால். ஒத்தச் செருப்ப எவன் வாங்குவான்?" என்றபடி நபோர் கீழே இன்னொரு முறை எழுதினான். மெதுவாகத்தான் எழுதினான். ஆனால் ஓர் எழுத்தும் பிசகவில்லை.

டான் எவாரிஸ்தோ வயிறு குலுங்கச் சிரித்து முத்திரையைக் குத்தினார். தாமியானா காகிதத்தை வாங்கி, தேதி சரிதானா என்று விரல் வைத்துப் படித்தாள்: 1951 ஜூலை 9.