விற்பனைக்கு வந்த படகுகள்

அறுபதுகளில் சிங்கப்பூர் பீச் ரோட்டில் ஒரு மாடி அறையில் டைப்பிஸ்டாக இருந்தேன். பாய்மரப் படகு விடுகிறவர்களுக்காக மாதம் ஒருமுறை வந்த ஆங்கிலப் பத்திரிகை அது. ஆசிரியர் வயதான வெள்ளைக்காரர். அவரைத் தவிர அங்கே நான் ஒருத்திதான். வாங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளும் அவர்களுடைய மனைவிமாரும். என் கணவர் பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் எங்களுக்கு ஓர் அறை. கூடவே படுக்கையில் கிடந்த என் அம்மா. எங்கள் இரண்டு பேர் சம்பளமும் ஒரே கூட்டத்தை நம்பியிருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆசிரியருக்குப் புயல் கதைகள் மேல் பித்து. தன்னந்தனியாகக் கடல் கடந்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். விற்பனை படுத்துவிட்டபோது, “வாசகர்களுக்கு என்னதான் வேண்டுமாம்? நீ போய்க் கேட்டு வா” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாங்கிக் கடற்கரைக்கு அனுப்பினார்.

சேலை நுனியெல்லாம் ஈர மணலாக, படகுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். புயல் கதையை ஒருவரும் படித்திருக்கவில்லை. போட்டி முடிவுகளில் தங்கள் பெயர் பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். தங்கள் படகின் படம் வந்திருந்தால் நாலைந்து பிரதி வாங்கிச் சீமைக்கு அனுப்புவார்களாம். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நான் இங்கே வெயிலில் வாடிச் சாகிறேன் என்று என் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். படம் போடுங்கள், அனுப்பி வைக்கிறேன்.”

நான் வந்து சொன்னதும் ஆசிரியர், “அவ்வளவுதானா?” என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து படங்கள் கூடின. விற்பனையும் கொஞ்சம் தேறியது.

பிறகுதான் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுப் போகின்றன என்ற செய்தி ரேடியோவில் வந்தது. அதற்கப்புறம் வாசகர்களுக்கு வேண்டியிருந்தது விளம்பரப் பக்கம் மட்டுமே. படகு விற்பனைக்கு, படகு விற்பனைக்கு என்று அடித்துத் தள்ளினேன். எல்லாரும் விற்கிறவர்கள், வாங்க யார் இருந்தார்கள்? அந்தத் தொப்பி அம்மாள் தன் படகுக்கு விளம்பரம் கொடுக்க மாடியேறி வந்தார். படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட முடியுமா என்றார். விளம்பரத்தில் பெரிய படம் வராது என்றேன். “விற்காது என்று எனக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார்.

அந்த வாரமே என் கணவருக்கும் வேலையை விட்டு நிறுத்தும் நோட்டீஸ் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் கையை நனைக்கவேயில்லை.

“ஊருக்குப் போறவங்களுக்குக் கப்பல் டிக்கெட் தராங்களாம்” என்றார்.

“நீங்க ஏன் போகணும்? இங்கயே வேற வேலை பாக்கலாம்ல?”

“நான் சிட்டிசன் இல்ல. ஒர்க் பர்மிட் இல்லாதவனுக்கு யாரு வேலை குடுப்பா? தேடிப் பாக்காமயா சொல்றேன்?”

நான் இங்கேயே பிறந்தவள். அம்மாவைக் கப்பலில் ஏற்ற முடியாது. தனியே விட்டுப் போகவும் முடியாது. அம்மா காலம் முடிந்ததும் நான் போய்ச் சேர்ந்துகொள்வதாகப் பேசிக்கொண்டோம். பக்கத்தில் படுத்திருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில்தான் பேசினோம். ஆனாலும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்திரிகை நின்றது. கடைசி நாள் ஆசிரியர், “புயல் கதைகளை நீயாவது படித்தாயா?” என்று கேட்டார். படித்தேன், பிடித்திருந்தது என்றேன். உண்மையில் எழுத்துப் பிழை வராமல் அடித்தேனே தவிர, எந்தக் கதையும் என் மனதில் நிற்கவில்லை. அவரும் சீமைக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து என் கணவர் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே பெயின்ட் வேலை கிடைக்கவில்லை, வயல் வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று எழுதுவார். இங்கே நான் அச்சகம் அச்சகமாக ஏறி இறங்கினேன். படகுக்கென்று ஒரு பத்திரிகையா என்று சிரித்தார்கள். கடைசியில் ஒரு மளிகைக் கடையில் பில் எழுதும் வேலைதான் கிடைத்தது.

அம்மா உயிரோடுதான் இருந்தார். ஊரில் காய்ச்சலில் போய்விட்டவர் என் கணவர்தான். தந்தி கடைக்கே வந்தது. நானே பிரித்துப் படித்தேன். முதலாளி ஒரு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, “உட்காரும்மா” என்றார். பில்லுக்காக ஆட்கள் காத்து நின்றார்கள். அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன்.