என் பாஸும் அவள் குரலும்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி சர்ச்சில் பாடுவதை விட்டுவிட்டாள். உச்சத்துக்குப் போகும்போது குரல் சுருதியிலிருந்து ஒரு நூல் இறங்கிவிடுகிறது. "யாருக்கும் தெரியாதுட்டி" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியுதுல்லா?" என்பாள். தொண்டைதான் போச்சு, காது அப்படியே பாம்புக் காது.

இந்த ஈஸ்டருக்குக் கொயர் மாஸ்டர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். கீபோர்டு சுருதி அசையாது, அது வேண்டாம், என் பாஸ் கிடார் மட்டும் போதும் என்றால் ஒரு பாட்டுப் பாடுகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பாஸ் கிடாரின் கழுத்தில் ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகள் கிடையாது. செம்பூரில் பழசாக வாங்கியது. ஃப்ரெட் இருந்த இடத்தில் வெறும் கோடுதான். விரல் கொஞ்சம் தள்ளினாலும் சுருதி விலகி மானம் கப்பலேறிவிடும். புதுக் கம்பி போட்டு, பிரிட்ஜில் கம்பி உட்காரும் இரும்புத் துண்டை ஸ்க்ரூவால் முன்னே தள்ளித் தள்ளி இன்டொனேஷன், அதாவது கோட்டுக்குக் கோடு சுருதி, சரிபார்த்தேன். நடுக்கோட்டில் கம்பியை லேசாகத் தொட்டபடி மீட்டினால் வரும் சத்தமும், அங்கேயே அழுத்தினால் வரும் சத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வாரம் ஆகியும் இருக்கவில்லை. மொபைலில் சுருதி காட்டும் ட்யூனர் முள் ஆடிக்கொண்டே இருந்தது. கம்பி விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து பார்த்தாள். "கோட்டுக்குப் பின்னாலல்லா அழுத்துதீய? கோட்டு மேல வைங்க."

சே! ஃப்ரெட் வைத்த கிடாரில் ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்தியே இருபது வருஷப் பழக்கம். கோட்டு மேலேயே விரலை வைத்து, தள்ளிய துண்டையெல்லாம் பின்னுக்கு இழுத்தேன். அரை மணி நேரத்தில் நாலு கம்பியும் கச்சிதம்.

கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "இப்ப நீங்க சுருதியில சரியா நிக்கீய. நான் இறங்கினா சபைக்கே தெரியும். நான் பாடல."

"ஒரு வாரமா உயிரைக் கொடுத்திருக்கேன், விளையாடுதியா?" என்று கத்திவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனாலும் ஈஸ்டர் காலையில் எழுந்து நின்றாள். பாடினாள். எவ்வளவு நாளாச்சு அந்தக் குரலைக் கேட்டு! கடைசி அடியில் உச்சம் வந்தது. குரல் இறங்கியது, கண்ணில் பயம் தெரிந்தது. விரலைக் கோட்டுக்குப் பின்னால் லேசாக நகர்த்தி, அவள் நின்ற இடத்துக்கு நானும் இறங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகப் பாடி முடித்தாள்.

வெளியே வந்ததும் கொயர் மாஸ்டர், "அண்ணாச்சி, அக்கா பாட்டு பிரமாதம். ஒங்க பாஸ்தான் கடைசியில இறங்கிட்டு" என்றார், எல்லார் முன்னாலும்.

"ஆமா, விரல் வழுக்கிட்டு" என்றேன்.

வீட்டுக்கு நடந்தோம். அறுபதடி ரோட்டில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"வழுக்கலல்லா?"

"இல்ல."

"அடுத்த ஞாயிறும் பாடுதேன்னு மாஸ்டர்ட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்களும் வழுக்கணும், பாத்துக்கிடுங்க."