சம்பந்தியம்மா தட்டிப் பார்த்த சட்டி

அக்காவைப் பெண் பார்க்க வட்டவளையிலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா செய்த முதல் காரியம், வீட்டிலிருந்த சிவப்புச் சட்டி பானைகளை ஒளித்ததுதான். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மீன்குழம்புக்கு மண்சட்டி இல்லாத வீடே கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் இருந்தால் மட்டும் அது காட்டிக் கொடுத்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

நாங்கள் குயவர்கள். அப்பாவின் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்குத் தேயிலை வேலைக்கு வந்தவர். வேலை விட்டு வந்த பிறகு ஆற்றோரக் களிமண்ணைக் குழைத்து லயத்துக்கே பானை வனைந்து கொடுத்தாராம். இந்த மழையில் வெயிலை நம்ப முடியாமல், அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைப்பாராம். அவருக்குப் பிறகு யாரும் சக்கரத்தைத் தொடவில்லை. நாங்களும் வலப்பனைச் சந்தையில் சிங்களக் குயவர்களிடம்தான் சட்டி வாங்கினோம். தொழில் போனாலும் பேர் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் ‘சட்டிப்பானை’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

தரகரிடம் அம்மா எங்களை வேறு சாதி என்று சொல்லி வைத்திருந்தாள். விஷயம் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும்.

கடைசி நேரத்தில் ஒரு புதுச் சட்டி கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் கொடுத்துவிட்டு வரும்படி என்னை விரட்டினாள். நான் வாசலைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எதிரே வந்து நின்றார். என்ன நினைத்தாரோ, சட்டியை என் கையிலிருந்து வாங்கி, காதருகே பிடித்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“இது வேகல. சூளையில அவசரப்பட்டு எடுத்துட்டாங்க.”

உள்ளே இருந்த அப்பாவுக்கு வாய் நிற்கவில்லை. “அதத்தாங்க நானும் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வெறகு போட்டிருக்கணும்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அக்காவின் கல்யாணம் என் கையால் கெட்டது என்றே நினைத்தேன். ஆனால் என்னைவிட அதிகமாக முகம் கறுத்து நின்றவர் மாப்பிள்ளையின் அம்மாதான். சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாதான் மெல்லக் கேட்டாள்: “நீங்களும் நம்ம ஆளுகளா?”

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க. தரகருக்குக் கேட்டுறப் போகுது.”

அன்றைக்கே பேசி முடித்தார்கள். கல்யாணப் பந்தலில் மணவறையைச் சுற்றி மண்பானை அடுக்குவது வழக்கம். இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி, அட்டன் டவுனிலிருந்து பித்தளைக் குடங்களை வாடகைக்கு எடுத்து வந்து வைத்தார்கள். வந்தவர்கள் வசதியான இடம் என்று மெச்சினார்கள். பளபளவென்றிருந்த குடங்களுக்குப் பக்கத்தில் நான் பெருமையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். எங்கள் வெட்கம் அன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அதை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக்கி அக்காவோடு அனுப்பி வைத்தோம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.