சம்மாட்டியாருக்குக் கெக்கரிக்காய்

மயிலிட்டிச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களில் இராசமலரிடம்தான் வரிசை நீளம். மற்றவர்கள் இரண்டு மீன் வெட்டுகிற நேரத்தில் அவள் ஒன்றுதான் வெட்டுவாள். ஆனால் அவள் வெட்டித் தந்த பாரையில் ஒரு செதிள் கிடந்தது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. கத்தியை எடுக்கமுன் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், வயிற்றை ஒரு விரலால் அமுக்கிப் பார்ப்பாள். “இது நேற்றையது” என்று சொல்லிவிட்டால் விற்றவனுக்கும் மறுபேச்சில்லை. வேலை முடிந்து வெட்டுப்பலகையைத் தேங்காய்த் தும்பால் தேய்க்கத் தொடங்கினால், பலகைக்கு வாய் இருந்தால் குளறி அழுதிருக்கும்.

இப்படிப்பட்டவளின் வீட்டுக்கு உயிருள்ள மீன்கள் குடிவந்தது போன வைகாசியில். முன் அறையில் வாடகைக்கு இருந்த ஆஸ்பத்திரித் தாதி வித்தியாவுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்தது. போகிற இடத்தில் வசதி எப்படியோ தெரியாது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று அவளிடம் இருந்தது. அதற்குள் பத்துக் கப்பி மீன், ஆறு மொலி, அடியில் விரல் நீளத்தில் ஒரு பிளெக்கோ. புள்ளி விழுந்த கறுப்பு உடம்பு. கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதற்கென்றே தலைக்குக் கீழே வைத்த வாய்.

“சித்திரை வருசப் பிறப்புக்கு வந்து எடுக்கிறன் அக்கா. அதுமட்டும் பாருங்கோ. உந்தக் கறுப்பனுக்குச் சாப்பாடு தேவையில்லை. ரேங்க் கிளீனர், தொட்டி துப்பரவாக்கிற மீன் எண்டுதான் கடையிலை தந்தவை. ஊத்தையைத் தின்னும்.”

“ஓம் பிள்ளை, நீ யோசிக்காமல் போ” என்றாள் இராசமலர். வாக்குக் கொடுத்தாயிற்று.

அடுத்த நாளே சந்தைக்குக் கதை போய்விட்டது. ஐஸ் உடைக்கிற றெஜி, சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டே சிரித்தான்.

“அக்கா, நீங்கள் தொட்ட மீன் ஒண்டாவது உயிரோடை இருந்ததுண்டே? சித்திரை எங்கை, சனிக்கிழமை தாண்டாது!”

“உன்ரை வாய்க்கு ஒருநாள் நான் செதிள் எடுக்கிறன் பார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் மீன்! ஒரேயொரு மீனை உயிரோடு திருப்பிக் கொடுக்க முடியாதா என்ன?

வீட்டுக் கிணறு உவர் என்பதால் கணவன் நடராசாவை மோட்டார் சைக்கிளில் அனுப்பி நல்ல தண்ணி எடுப்பித்தாள். அதை ஒருநாள் வாளியில் வைத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் தொட்டியின் கால்வாசித் தண்ணீரை மாற்றினாள். அதுவரை சரி. அதோடு விட்டாளா? வெட்டுப்பலகையைத் தேய்த்த அதே கை, தொட்டியின் நாலு கண்ணாடியையும் அடிக் கற்களையும் ஒரு பொட்டுப் பாசி இல்லாமல் தேய்த்தது.

மொலிகளும் கப்பிகளும் நாள் முழுக்க ஓடித்திரிய, பிளெக்கோ மட்டும் மூலையில் அசையாமல் கிடந்து எல்லாவற்றையும் மேற்பார்வை செய்தது. வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை வேலைக்கு விடுகிற முதலாளியை ஊரில் சம்மாட்டியார் என்பார்கள். அந்தப் பெயரையே நடராசா இதற்கும் வைத்தான்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், சந்தையால் வந்த இராசமலர் மீன் மணம் போகத் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கை கழுவிக்கொண்டு நின்றாள். சம்மாட்டியார் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தார், வயிற்றை அவள் பக்கம் காட்டிக்கொண்டு. முதுகைப் பார்த்தால் எந்தப் பிளெக்கோவும் சுகமாகத்தான் தெரியும். கவசம் போட்ட தோல். வயிறு அப்படியல்ல. அது கரண்டி மாதிரிக் குழிந்திருந்தது.

“இஞ்சருங்கோ! உவருக்கு வயிறு ஒட்டிப்போச்சு. கண்ணும் உள்ளுக்குப் போயிட்டுது. உந்தக் கண்ணோடை ஒரு மீன் வந்தால் நான் சனத்தை வாங்க விடமாட்டன்.”

நடராசா வந்து குனிந்து பார்த்தான். “ஊத்தை முழுக்கத் தேய்ச்செடுத்துப்போட்டு, ஊத்தை தின்னிறவரிட்டை ஏன் மெலிஞ்சியள் எண்டு கேக்கிறீர். சம்மாட்டியாரைப் பட்டினி போட்ட முதல் ஆள் நீர்தான்!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பின்னேரமே பஸ் பிடித்து, கிட்ட இருக்கிற திருநெல்வேலிக்குப் போனாள். அங்கே அருட்செல்வன் என்பவர் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தார்.

“என்ன சாப்பாடு போடுறியள் அக்கா?”

“மேலாலை தூவுற தூள்தான். கீழை போகமுன்னம் மொலியள் முடிச்சுப்போடும்.”

“பிறகென்ன? கெக்கரிக்காய் வெட்டிப் போடுங்கோ. பூசணிக்காயை லேசா அவிச்சுப் போடலாம். பின்னேரம் லைற்றை நிப்பாட்டினாப் பிறகு போடுங்கோ, பகலிலை அதுக்குக் கூச்சம். மிஞ்சினதைக் காலமை எடுத்துப்போடுங்கோ, தண்ணி பழுதாப்போம். ஒளிக்க ஒரு சட்டித்துண்டு, சுரண்ட ஒரு மரத்துண்டு. கண்ணாடியிலை கொஞ்சப் பாசியையும் விட்டுவையுங்கோ.”

“மீன் மரக்கறி தின்னுமே?”

“உது முக்கால்வாசி சைவம் அக்கா.”

மீனில்லாமல் சோறு இறங்காத அவள் வீட்டில், வெள்ளிக்கிழமை மட்டுமல்லாமல் மற்ற நாளிலும் சைவமாக இருக்கப்போகிற ஒரே ஆள் மீன்தான் என்றானது. வெள்ளரிச் சாதியான கெக்கரிக்காயை ஒரு விரல் தடிப்பில் வட்டமாக வெட்டி, மிதக்காமலிருக்கச் சில்வர் கரண்டியில் குத்தி இறக்கினாள். மரத்துண்டை நடராசா பொறுப்பெடுத்தான்.

“மரத்துக்கே பஞ்சம்? அய்யான்ரை பழைய வள்ளத்துப் பலகை கிடக்கு. கடலிலை முப்பது வருசம் கிடந்தது, இந்தத் தண்ணிக்கு என்ன செய்யும்?”

அன்றிரவே அதில் ஒரு துண்டைக் கல் வைத்துத் தொட்டிக்குள் அமிழ்த்தினான். பலகை ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் ஊறிக்கிடந்த சுறா எண்ணெய்தான் செய்தது. அந்தக் காலத்தில் வள்ளம் உளுத்துப்போகாமலிருக்க வருடா வருடம் பூசிய எண்ணெய். காலையில் பார்த்தால், தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். மொலிகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சம்மாட்டியார், ஒருநாளும் அவசரப்படாத சம்மாட்டியார், அடியிலிருந்து மேலுக்குப் பாய்வதும் ஒரு வாய் காற்றோடு விழுவதுமாக இருந்தார். கெக்கரிக்காய் போட்டபடியே கிடந்தது.

இராசமலர் தொட்டிக்குள் கையை விட்டாள். பலகையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். நெய் நிறைந்த சாளை மீன் வெட்டுகிற நாட்களில், கழுவுகிற அண்டாவில் மிதக்கும் நெய்யை அவள் பழைய பேப்பர் விரித்துத்தான் எடுப்பாள். அதையே இங்கும் செய்தாள். ஒரு தாளைத் தண்ணீரின் மேல் மெல்லப் படுக்கவைத்து, நெய்யோடு இழுத்தெடுத்தாள். பிறகு இன்னொன்று. பதினேழாவது தாள் சுத்தமாக வந்தது. வாளித் தண்ணீரில் மூன்றிலொரு பங்கை மாற்றினாள். அன்று முதல்முறையாகச் சந்தைக்குப் பிந்திப் போனாள்.

“என்ன அக்கா, செத்தவீடோ?” என்றான் றெஜி.

“இன்னும் இல்லை” என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்த்தவன், ஐஸ் உடைக்கப் போய்விட்டான்.

அடுத்த நாலு நாள் காலையிலும் கரண்டியில் வட்டம் முழுதாகவே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் தோல் மட்டும் வளையமாகக் கிடந்தது. நடுச்சதையும் விதையும் இல்லை. இவ்வளவு சுத்தமாகச் சதையெடுக்க அவளாலேயே முடியாது. அந்த வளையத்தை எடுத்து நடராசாவின் நித்திரை முகத்துக்கு மேலே பிடித்தாள்.

“பாருங்கோ!”

“என்ன, கையிலை போடுற காப்பே?” என்று கேட்டுவிட்டு அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

ஆனால் குற்ற உணர்ச்சியில் அவனும் ஒரு வேலை செய்தான். வளவில் காய்ந்து நின்ற கொய்யாக் கொப்பைத் தறித்து, பட்டை உரித்து, அவித்து, அது தானாகத் தாழும்வரை இரண்டு கிழமை ஊறப்போட்டான். சம்மாட்டியார் அதன்மேல் குடியேறினார். இராசமலருக்கு வந்த சோதனை வேறு. பின் கண்ணாடியில் பாசி படர விடவேண்டும். அதைக் காணும்போதெல்லாம் கை துருதுருக்கும். முன் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அப்பால் போய்விடுவாள்.

சித்திரை வந்தது. வித்தியா ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஐஸ் கொண்டுபோகிற வழி என்று சொல்லிக்கொண்டு றெஜியும் வந்து வாசலில் நின்றான்.

“என்னக்கா, உங்கடை வீட்டிலையோ பாசி!” வித்தியா கண்ணாடியைத் தொடப் போனாள்.

“கை வையாதை பிள்ளை. அது அவரின்ரை வயல்.”

கொய்யாக் கொப்புக்குப் பின்னாலிருந்து சம்மாட்டியார் அசைந்து வந்தார். ஒரு சாண் நீளம். வயிறு உருண்டு திரண்டிருந்தது. திரும்பும்போது வால் கண்ணாடியில் அடித்தது.

வித்தியாவின் முகம் மாறியது. “அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அது செத்துப்போய் நீங்கள் வேறை வாங்கி விட்டியளோ?”

வாசலில் றெஜி கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். இராசமலருக்குச் சுருக்கென்றது.

“எனக்கு மீன் அடையாளம் தெரியாதே? வாலின்ரை மேல்முனையிலை ஒரு நறுக்குப் பார். நீ தரேக்கையே இருந்தது.”

குனிந்து பார்த்த வித்தியா நறுக்கைக் கண்டாள். கண் கலங்கியது, உடனே கவலையும் பிடித்தது. “இவ்வளவு பெரிசை நான் என்ன செய்ய? தொட்டி வைக்கிற மேசையே அங்கை இவ்வளவுதான்.”

இராசமலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு பின் விறாந்தைக்கு நடந்தாள். அங்கே மீன் அடைக்கிற பெரிய ஐஸ்பெட்டி, தண்ணீர் நிறைந்து, காற்றுப்பம்பு குமிழ்விட நின்றது. சுண்ணாம்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூன்று நாள் காலையிலும் பேப்பர் விரித்து நெய் பார்த்து முடித்திருந்தாள். விளிம்பில் பாசிகூடப் பிடித்திருந்தது.

“இது நான் தந்த பெட்டியெல்லோ!” என்றான் றெஜி. “மீன் போட எண்டுதானே கேட்டனீங்கள்?”

“மீன்தானே போடப்போறன்.”

வித்தியா தன் கையாலேயே சம்மாட்டியாரை ஈரத்துணியில் ஏந்தி உள்ளே விட்டாள். அவர் அடிக்குப் போய் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, மேற்பார்வையைத் தொடங்கினார். கப்பியும் மொலியும் தொட்டியோடு ஓட்டோவில் ஏறின.

அன்று பின்னேரம் றெஜி தானாகவே ஒரு கெக்கரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தான். முகம் கொஞ்சம் அசடு வழிந்தது. இராசமலர் அதை வாங்கி, காம்பைப் பார்த்தாள். நடுவில் ஒரு விரலால் அமுக்கினாள்.

“இது நேற்றையது” என்றாள். “கொண்டுபோய் மாத்திக்கொண்டு வா.”

றெஜி மறுபேச்சில்லாமல் சைக்கிளைத் திருப்பினான்.